ஒரு கம்பியில் மூன்று வானொலிகள்

கேள்வி, 2018 நவம்பர் 10

“வாடகை வீட்டின் மொட்டைமாடியில் ஒரே ஒரு கம்பி கட்டிக்கொள்ளத்தான் வீட்டுக்காரர் சம்மதித்தார். என்னிடம் மூன்று வானொலிகள் இருக்கின்றன: ஒரு டெக்சன் பி.எல்.660, அப்பா வாங்கிய பழைய டிரான்சிஸ்டர் பெட்டி, கணினியில் செருகி மென்பொருள் வழியாகக் கேட்கும் எஸ்.டி.ஆர். வானொலி ஒன்று. மூன்றையும் அந்தக் கம்பியிலேயே ஒன்றாக முறுக்கி இணைத்துவிட்டேன். எல்லாமே கேட்கின்றன. பிறகு எதற்காகப் பலரும் ஸ்பிளிட்டர் வாங்கு, மல்ட்டிகப்ளர் வாங்கு என்கிறார்கள்?” என்று கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

2018 நவம்பர் 11

அப்படி இணைக்காதீர்கள். ஆண்டெனாவிலிருந்து வரும் கேபிளும் வானொலியின் உள்ளீடும் 50 ஓம் இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) என்ற கணக்கில் பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று வானொலிகளை ஒரே முனையில் சேர்த்தால் அந்த 50 ஓம் பதினேழு ஓமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பொருத்தம் கெட்டு, வரும் சமிக்ஞையின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஸ்பிளிட்டர் என்பது ஓர் ஆண்டெனாவின் சமிக்ஞையைப் பல வானொலிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி; அதோடு பெருக்கியும் சேர்ந்தால் மல்ட்டிகப்ளர். ஸ்பிளிட்டர் இந்தப் பொருத்தத்தைக் காக்கிறது. அதனால்தான் அதை வாங்கச் சொல்கிறார்கள்.

2018 நவம்பர் 13

நேற்று முன்தினம் எழுதியதில் “பெரும்பகுதி திரும்பிவிடும்” என்றது தவறு. பழக்கத்தில் வந்த வாக்கியத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எழுதிவிட்டேன். நேற்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு வானொலிகளை நேரடியாக இணைத்தால் ஆண்டெனாவுக்குத் தெரியும் சுமை 25 ஓம். அப்போது திரும்புவது ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே. மீதியை இரண்டாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு வானொலிக்கும் சுமார் 3.5 டெசிபல் குறைவாகக் கிடைக்கும் (டெசிபல் என்பது வலிமையின் விகித அளவு; 3 டெசிபல் குறைந்தால் பாதி). குறையே இல்லாத ஸ்பிளிட்டர் ஒன்றை வைத்தாலும் சரிபாதியாகப் பகிர்வதற்கு 3 டெசிபல் போய்த்தான் தீரும். ஆக வித்தியாசம் அரை டெசிபல். மூன்று வானொலிகள் என்றால் நேரடி இணைப்பில் 6 டெசிபல், நல்ல ஸ்பிளிட்டரில் 4.8 டெசிபல். கடையில் விற்கும் ஸ்பிளிட்டர்களில் கம்பி சுற்றியிருக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் வளையமும் கொஞ்சம் விழுங்கும் என்பதால் இந்த இடைவெளி இன்னும் சுருங்கிவிடும்.

கோவில்பட்டி நண்பர் “எல்லாமே கேட்கின்றன” என்று எழுதியதில் எந்த மிகையும் இல்லை. சமிக்ஞை நட்டம் என்ற காரணத்தைக் காட்டி அவருடைய முறுக்கிய இணைப்பை மறுக்க முடியாது. அப்படியானால் ஸ்பிளிட்டர் எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் மேசையிலேயே செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

2018 நவம்பர் 18

செய்து பார்த்தேன். பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்பக்கத்துத் தென்னை வரை ஏறத்தாழ இருபது மீட்டர் கம்பி இருக்கிறது. அதன் அடியில், கம்பியின் உயர்ந்த இம்பீடன்ஸை ஒன்பதில் ஒன்றாகக் குறைக்கும் ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, கோஆக்சியல் கேபிளை அறைக்குள் இறக்கியிருக்கிறேன். அந்தக் கேபிளின் முனையில் டெக்சனையும், நாற்பது வருடப் பழமையான ஒரு டிரான்சிஸ்டர் வானொலியையும் நேரடியாகச் சேர்த்தேன்.

டெக்சனை 9840 கிலோஹெர்ட்ஸில் வைத்து வியட்நாம் வானொலியைப் பிடித்தேன். தெளிவாகவே வந்தது. பிறகு பழைய பெட்டியை 31 மீட்டர் பட்டையின் அடிப்பக்கத்திலிருந்து மெதுவாக மேலே திருப்பினேன். முள் 9385 அருகே வந்ததும் டெக்சனில் ஒரு விசில் எழுந்தது. உச்சத்தில் தொடங்கி, குமிழை நகர்த்த நகர்த்தக் கீழே இறங்கி, ஒரு புள்ளியில் அடங்கி, மறுபடி ஏறிப் போய்விட்டது. குமிழைப் பின்னால் திருப்பினால் அதே விசில் அதே வழியில் திரும்பி வந்தது. பழைய பெட்டியின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுச் செய்தாலும் மாற்றமில்லை. பெட்டியை அணைத்ததும் விசில் நின்றது.

காரணம் இதுதான். அந்தப் பெட்டியின் இடைநிலை அலைவரிசை 455 கிலோஹெர்ட்ஸ். எந்த நிலையத்தைப் பிடித்தாலும், 455 தள்ளியிருக்கும் ஓர் அலையோடு கலந்து, அதை இந்த அலைவரிசைக்கு மாற்றித்தான் அது கேட்கிறது. 9385-ஐக் கேட்பதற்கு அது தனக்குள் 9840 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்த அலையில் ஒரு துளி ஆண்டெனா முனை வழியே வெளியே கசிகிறது. வியட்நாமிலிருந்து வரும் அலை வீட்டுக்கு வந்து சேரும்போது மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும் என்பதால், பக்கத்துப் பெட்டியின் கசிவு அதன்மேல் ஏறிக்கொள்ள அதிக வலிமை தேவையில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். டெக்சனில் வேறு எதையும் தொடாமல் பழைய பெட்டியின் குமிழை மட்டும் திருப்பும்போது, டெக்சனின் சமிக்ஞைக் கட்டைகள் ஏறி இறங்கின. பழைய பெட்டியின் உள்ளீட்டுச் சுருள் தான் கேட்கும் அலைவரிசையில் ஒருவிதமாகவும் மற்ற இடங்களில் வேறுவிதமாகவும் சுமையாக நிற்கிறது. 50 ஓம் என்பதெல்லாம் பெயருக்குத்தான். சில இடங்களில் அது குறுக்குச்சுற்றுக்குக் கிட்டவே போய்விடுகிறது. ஆகவே 13-ஆம் தேதி நான் போட்ட அழகான கணக்கு, இரண்டு பெட்டிகளும் எல்லா அலைவரிசையிலும் 50 ஓமாக நடந்துகொண்டால் மட்டுமே பொருந்தும்.

இப்போது என் பதில் மாறுகிறது. வானொலிகள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதற்குத்தான் ஸ்பிளிட்டர் வேண்டும். ஆண்டெனாவிலிருந்து வருவது இரண்டு பெட்டிகளுக்கும் போக வேண்டும், ஒரு பெட்டியிலிருந்து வருவது மற்றதற்குப் போகக் கூடாது. பெட்டிகளுக்கு இடையிலான இந்தத் தடுப்பைத்தான் ஐசொலேஷன் என்கிறார்கள். கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டிய எண்ணும் அதுவே.

2018 நவம்பர் 19

“எனக்கு அப்படி விசில் வந்ததே இல்லை” என்று மற்றொருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பவை இரண்டும் டெக்சன். இந்த வகைப் பெட்டிகளின் முதல் இடைநிலை அலைவரிசை 55 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது. அவற்றிலிருந்து கசிவது சிற்றலை எல்லைக்கு வெகு மேலே விழுவதால் சிற்றலை கேட்பவருக்குத் தெரியாது. நேரே 455-க்கு ஒரே முறை மாற்றும் பழைய பெட்டி ஒன்று கூட்டத்தில் இருந்தால் தெரியும்.

2018 நவம்பர் 25

கேபிள் டி.வி. ஸ்பிளிட்டர் போதுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் போதும். எந்தக் கேபிள் கடையிலும் கிடைக்கும் இருவழிப் பெட்டிக்குள் சின்ன ஃபெரைட் துண்டுகளில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கின்றன. அது வானொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று தடுக்கும் சுற்றான உண்மையான ஹைப்ரிட்தான், வெறும் ஒட்டு இணைப்பு அல்ல. மேலே 3.5 டெசிபல் என்று போட்டிருப்பார்கள்; நால்வழியென்றால் 7 டெசிபல் அளவில் இருக்கும். அது 75 ஓமுக்குச் செய்தது, நம் பெட்டிகள் 50 ஓம் என்று தயங்க வேண்டாம். அந்தப் பொருத்தக்குறையால் போவது 0.2 டெசிபலுக்கும் குறைவு.

ஆனால் பெட்டியின் மேல் “5 – 1000 மெகாஹெர்ட்ஸ்” என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். ஐந்து மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நான் அதை வைத்து 9 மெகாஹெர்ட்ஸில் பழைய பெட்டியின் விசிலைத் தேடினேன். காதைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும் அளவுக்கு அடங்கிவிட்டது. அதையே மத்திய அலையில் செய்தபோது தடுப்பு ஏறக்குறைய இல்லாமல் போனது, சமிக்ஞையும் கணிசமாக விழுந்தது. இரவில் மத்திய அலையில் தூரத்து நிலையங்களைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் பெட்டி உதவாது.

மூன்று ரெசிஸ்டர்களை நட்சத்திர வடிவில் இணைத்துச் செய்யும் ஸ்பிளிட்டரைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம். 50 ஓமுக்கு ஒவ்வொன்றும் 16.7 ஓம்; எல்லா அலைவரிசைக்கும் ஒத்துவரும்; ஆனால் நட்டமும் 6 டெசிபல், தடுப்பும் அதே 6 டெசிபல்தான்.

2018 டிசம்பர் 2

மத்திய அலைக்கும் சேர்த்து நானே ஒன்றைச் சுற்றினேன். முதல் முயற்சி கைகூடவில்லை. அதையும் எழுதுகிறேன், வேறொருவரின் ஒரு மாலையாவது மிச்சமாகும்.

பழைய தொலைக்காட்சி ஆண்டெனாவின் தட்டைக் கம்பியைக் கேபிளோடு சேர்க்கும் டப்பி ஒன்று பரணில் கிடந்தது. அதை உடைத்து, உள்ளே இருந்த இரட்டைத் துளை ஃபெரைட்டை எடுத்தேன். சிவப்பும் பச்சையுமான இரண்டு மெல்லிய எனாமல் கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, ஐந்து சுற்றுச் சுற்றினேன். ஒரு கம்பியின் முடிவையும் மற்றதன் தொடக்கத்தையும் சேர்த்தால் அது நடுமுனை, அங்கே ஆண்டெனா வருகிறது. மீதமுள்ள இரண்டு முனைகளும் இரண்டு வானொலிகளுக்கு. அந்த இரண்டுக்கும் இடையே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இவ்வளவுதான் ஹைப்ரிட். ஒரு வானொலியிலிருந்து கசிவது மற்றதற்குப் போக இரண்டு பாதைகள் உண்டு: ஒன்று சுருள் வழியே தலைகீழாகிப் போகும், மற்றது ரெசிஸ்டர் வழியே நேராகப் போகும். இரண்டும் மறுமுனையில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

பண்பலையில் அது மிகச் சிறப்பாக வேலை செய்தது. சிற்றலையின் கீழ்ப்பகுதியில் தடுமாறியது, மத்திய அலையில் செத்துப்போனது. அந்த ஃபெரைட் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கானது. ஐந்து சுற்றில் அது தரும் தூண்டல் கீழே போதாது. பொதுவிதி என்னவென்றால், வேண்டிய அலைவரிசைகளில் மிகக் குறைந்ததில் சுருளின் மறுப்பு (அந்த அலைவரிசையில் அது காட்டும் எதிர்ப்பு) இம்பீடன்ஸைப்போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். அரை மெகாஹெர்ட்ஸில் 250 ஓம் வேண்டுமென்றால் 80 மைக்ரோஹென்றி தேவை. ஐந்து மெகாஹெர்ட்ஸிலிருந்து போதும் என்றால் 8 மைக்ரோஹென்றியே போதும். கடைக்காரரின் டி.வி. ஸ்பிளிட்டர் ஏன் ஐந்தில் நிற்கிறது என்பதற்கும் இதுவே விடை.

சென்னை சென்றிருந்த தம்பியிடம் சொல்லி ரிச்சி தெருவில் தேடச் சொன்னேன். 73 என்ற கலவையில் செய்த இரட்டைத் துளை ஃபெரைட்டுகள் நான்கு கிடைத்தன. இந்தக் கலவையின் காந்த ஊடுதிறன் 2500. வழக்கமாகக் கிடைக்கும் 43 கலவைக்கு 800 அளவில்தான் இருக்கும். இதில் நான்கே சுற்றுக்கு நூறு மைக்ரோஹென்றிக்கு மேல் வந்துவிடுகிறது. நடுமுனையில் ஆண்டெனாவுக்கு 25 ஓம் தெரியும் என்பதால், அதற்கு முன்னால் ஏழு சுற்றுச் சுருளில் ஐந்தாவது சுற்றில் முனை எடுத்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் வைத்தேன். ஏழுக்கு ஐந்து என்ற விகிதத்தின் வர்க்கம் ஏறத்தாழ இரண்டு, எனவே 50 ஓம் 25 ஆகிறது. இதைச் செய்யாவிட்டால் போவது, 13-ஆம் தேதிக் கணக்கில் வந்த அதே அரை டெசிபல்தான். பொறுமையில்லாதவர்கள் விட்டுவிடலாம்.

2018 டிசம்பர் 9

“3.5 டெசிபல் போய்விடுமே, மெலிந்த நிலையங்கள் காணாமல் போய்விடாதா?” என்ற கவலை திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆள் பேசாத ஓர் அலைவரிசையில் வானொலியை வைத்து, ஆண்டெனாக் கேபிளைப் பிடுங்குங்கள், மறுபடி செருகுங்கள். செருகும்போது இரைச்சல் நன்றாக உயர்ந்தால், நீங்கள் கேட்பது வானத்தின் இரைச்சலையும் ஊரின் இரைச்சலையும்தான், பெட்டியின் சொந்த இரைச்சலை அல்ல. ஸ்பிளிட்டர் சமிக்ஞையையும் அந்த வெளி இரைச்சலையும் ஒரே அளவில் குறைக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை.

எண்ணில் சொன்னால், கேபிளைச் செருகும்போது இரைச்சல் 10 டெசிபல் உயர்ந்தால், 3.5 டெசிபல் நட்டம் உங்கள் கேட்புத் தெளிவில் குறைப்பது ஏறத்தாழ அரை டெசிபல். 7 மெகாஹெர்ட்ஸில் என் மாடிக் கம்பியில் இரைச்சல் 25 டெசிபலுக்குமேல் உயர்கிறது. அங்கே எதுவும் குறைவதில்லை என்றே சொல்லிவிடலாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி இரைச்சல் பரிந்துரையில் உள்ள சூத்திரத்தில் போட்டாலும், கிராமப்புறத்திலேயே 7 மெகாஹெர்ட்ஸில் மனிதர் உண்டாக்கும் இரைச்சல், எந்தச் சுற்றிலும் வெப்பத்தால் தானே எழும் இரைச்சலைவிட 44 டெசிபல் அளவு மேலே நிற்கிறது. ஊருக்குள் இன்னும் அதிகம்.

2018 டிசம்பர் 16

பெருக்கி வைத்த ஸ்பிளிட்டரைப் பற்றி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் என் பழைய அனுபவம். இரண்டு பேர் வாங்கப் போவதாக எழுதியிருப்பதால் இப்போது சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான்கு வழி பிரிக்க வேண்டும் என்பதற்காக இணையத்தில் ஓர் அகல்பட்டைப் பெருக்கியை வாங்கி ஸ்பிளிட்டருக்கு முன்னால் வைத்தேன். வைத்த அன்று எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. எல்லாக் கட்டைகளும் நிறைந்து நின்றன, 2 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இதுவரை கேட்காத நிலையங்கள் வந்தன. 2250 கிலோஹெர்ட்ஸில் தமிழ் கேட்டது. பட்டியல்களைப் புரட்டிப் பார்த்தேன், அப்படி ஒரு நிலையமே இல்லை. கவனித்துக் கேட்டபோது இரண்டு நிகழ்ச்சிகளின் ஒலி ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்திருந்தது.

விடை என் ஊரிலேயே இருந்தது. திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸில் 20 கிலோவாட். ஐம்பது கிலோமீட்டருக்குள் தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில், இலங்கைக்கும் சென்று சேர வேண்டும் என்று வைத்த 200 கிலோவாட் ஒலிபரப்பி. இரண்டையும் கூட்டினால் 2250. நிலையங்களின் பேரில் எந்தக் குறையும் இல்லை. அவ்வளவு வலுவான இரண்டு அலைகள் ஒரே நேரத்தில் நுழைந்தபோது, அந்தப் பெருக்கி அவற்றைத் தனித்தனியாகத் தாங்க முடியாமல் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. 2106-இலும் ஒரு பேய் நிலையம் இருந்தது, அது 1053-இன் இரட்டிப்பு.

பேயா, உண்மையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெருக்கிக்கு முன்னால் 6 டெசிபல் தணிப்பான் ஒன்றைச் செருகுங்கள். உண்மையான நிலையம் 6 டெசிபல் விழும். இரண்டு அலைகள் கூடிப் பிறந்த பேய் 12 டெசிபல் விழும்.

பெருக்கியை எடுத்துவிட்டேன். நான்கு வழிக்கு 7 டெசிபல் போகிறது, போகட்டும். பெருக்கி கட்டாயம் வேண்டும் என்பவர்கள், அதற்கு முன்னால் 1.8 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் தடுக்கும் வடிகட்டியை வையுங்கள். வடிகட்டி பெருக்கிக்குப் பின்னால் இருந்தால் பயனில்லை, பேய் அதற்குள் பிறந்துவிட்டிருக்கும்.

2018 டிசம்பர் 17

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர், 1053 தங்கள் வீட்டிலும் மேசையை அதிரவைக்கும் வலுவில் வருகிறது, அங்கும் பெருக்கியில் இதே தொல்லைதான் என்று எழுதியிருக்கிறார். கடலுக்கு மேலே மத்திய அலை அதிகம் தேயாமல் செல்லும் என்பதால் இது வியப்பல்ல.

2018 டிசம்பர் 23

டிசம்பர் 2-ஆம் தேதிக் குறிப்பைத் திருத்த வேண்டும். ஹைப்ரிட்டில் இரண்டு பாதைகளும் “ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன” என்று எழுதினேன். அது ஒரு நிபந்தனையோடுதான் உண்மை: ஏழு சுற்று டிரான்ஸ்ஃபார்மர் வழியாக நடுமுனைக்கு வரும் ஆண்டெனா 50 ஓமாக இருக்க வேண்டும்.

என் மாடிக் கம்பி அப்படி இல்லை. ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தாலும், அது ஓர் அலைவரிசையில் 50 ஓம், மற்றொன்றில் 200, இன்னொன்றில் 15 என்று அலைந்துகொண்டிருக்கும். ஆண்டெனா பொருந்தாத இடத்தில், ஒரு வானொலியின் கசிவு ஆண்டெனா வரை போய், அங்கிருந்து திருப்பியடிக்கப்பட்டு, பாதியாகப் பிரிந்து மற்ற வானொலிக்குள் நுழைகிறது. பொருத்தக்குறையைக் காட்டும் நிற்கும் அலை விகிதம் (முழுப் பொருத்தம் ஒன்றுக்கு ஒன்று) இரண்டுக்கு ஒன்று என்றால் தடுப்பு 15.6 டெசிபல் மட்டுமே. மூன்றுக்கு ஒன்று என்றால் 12. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டால் வெறும் 6, மூன்று ரெசிஸ்டர் ஸ்பிளிட்டருக்கும் அதற்கும் அப்போது வேறுபாடே இல்லை. கடைப் பெட்டியின் தாளில் போட்டிருக்கும் 25, 30 டெசிபல் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் சரியாகப் பொருந்தும் சுமையை மாட்டி அளந்தவை.

நவம்பர் 25-இல் 9 மெகாஹெர்ட்ஸில் விசில் அடங்கியது என்று எழுதியிருந்தேன். நேற்று அதே பரிசோதனையை 6 மெகாஹெர்ட்ஸில், 49 மீட்டர் பட்டையில் செய்தபோது விசில் நன்றாகவே கேட்டது. அங்கேதான் என் கம்பி மிக மோசமாகப் பொருந்துகிறது.

இதற்கு மருந்து, கேட்கும்போது விசித்திரமாக இருக்கும்: ஆண்டெனாவுக்கும் ஸ்பிளிட்டருக்கும் இடையே 6 டெசிபல் தணிப்பானை வையுங்கள். திரும்பியடிக்கும் கசிவு அதைப் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் கடக்க வேண்டியிருப்பதால் அதற்கு 12 டெசிபல் குறைகிறது. ஆண்டெனா எவ்வளவு மோசமாக இருந்தாலும் தடுப்பு 18 டெசிபலுக்குக் கீழே போகாது. தணிப்பானுக்குத் தேவை மூன்றே ரெசிஸ்டர்கள்: குறுக்கே இரண்டு 150 ஓம், நேராக ஒரு 39 ஓம். கணக்கில் 37 வரும், கடையில் 39-தான் கிடைக்கும்.

சமிக்ஞையை வேண்டுமென்றே வீணாக்குவதா என்று மனம் ஒப்பாது. எனக்கும் ஒப்பவில்லை. டிசம்பர் 9-இன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரைச்சல் 25 டெசிபல் உயரும் இடத்தில், ஸ்பிளிட்டரும் தணிப்பானும் சேர்ந்து 9.5 டெசிபல் விழுங்கினாலும் தெளிவில் குறைவது 0.1 டெசிபல் அளவுதான். அதன்பின் தணிப்பானைப் பற்றவைத்து மாட்டிவிட்டேன்.

2019 ஜனவரி 1

அவசரமாக ஒன்று. ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கையடக்க ஒலிபரப்பியையும் எஸ்.டி.ஆரையும் ஒரே ஸ்பிளிட்டரில் மாட்டி, மறதியாகப் பேசும் பொத்தானை அழுத்திவிட்டார். 5 வாட் என்றால் 37 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டைவிட 37 டெசிபல் அதிகம். ஸ்பிளிட்டர் இருபது டெசிபல் தடுத்தாலும் 17 டிபிஎம் எஸ்.டி.ஆருக்குள் போகிறது. அந்தச் சிறிய கருவிகள் 10 டிபிஎம் வரைதான் தாங்கும். எஸ்.டி.ஆர். அன்றோடு செவிடாகிவிட்டது. ஒலிபரப்பும் எந்தக் கருவியையும் இந்தக் குறிப்புகளில் உள்ள எதனோடும் இணைக்க வேண்டாம். அதற்கு ஒலிபரப்பும்போது பாதையை மாற்றும் ரிலே வேண்டும்.

2019 ஜனவரி 6

கோவில்பட்டி நண்பர் டி.வி. ஸ்பிளிட்டர் வாங்கி மாட்டிவிட்டார். அவருடைய புதிய குறை: எஸ்.டி.ஆரை இணைத்ததுமே டெக்சனில் ஒரு “கர்ர்” என்ற இரைச்சல் பரவுகிறது, எஸ்.டி.ஆர். மென்பொருள் ஓடாவிட்டாலும் நிற்பதில்லை.

மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள் என்று எழுதினேன். பிடுங்கியதும் நின்றுவிட்டதாம். ஸ்பிளிட்டரின் உலோக உடல் மூன்று கேபிள்களின் வெளியுறையையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. சார்ஜரின் இரைச்சல் யு.எஸ்.பி. கம்பியின் உறை வழியாக எஸ்.டி.ஆருக்கும், அங்கிருந்து ஸ்பிளிட்டரின் உடலுக்கும், அங்கிருந்து மாடிக் கேபிளின் வெளிப்பரப்புக்கும் ஏறுகிறது. கேபிளின் வெளிப்பரப்பே ஆண்டெனாவின் ஒரு பாகமாகிவிடுவதால், அந்த இரைச்சல் முறைப்படி முன்வாசல் வழியே டெக்சனுக்குள் வருகிறது. நான் இத்தனை நாள் எழுதிய ஐசொலேஷன் உள்கம்பியைப் பற்றியது. உறை வழியே நடப்பதை எந்த ஹைப்ரிட்டும் தடுக்காது.

எஸ்.டி.ஆருக்குப் போகும் வழியில் மட்டும் முதன்மைச் சுருளும் துணைச் சுருளும் ஒன்றையொன்று தொடாத டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்தால் உறையின் தொடர்பு அறுந்துவிடும். ரிச்சி தெரு ஃபெரைட்டுகளில் ஒன்று மீதமிருந்தது. இந்தப் பக்கம் நான்கு சுற்று, அந்தப் பக்கம் நான்கு சுற்று சுற்றி, பிளாஸ்டிக் டப்பியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். டப்பி உலோகமாக இருந்தால் இரண்டு கனெக்டர்களும் அதன் உடல் வழியே சேர்ந்து, செய்த வேலை வீணாகிவிடும்.

எஸ்.டி.ஆர். வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில வகைகளில் ஆண்டெனா முனை வழியே 4.5 வோல்ட் அனுப்பும் வசதி மென்பொருளில் இருக்கிறது. ஸ்பிளிட்டருக்குள் இருக்கும் சுருள் அந்த மின்னழுத்தத்துக்குக் குறுக்குச்சுற்றாக இருக்கலாம், அல்லது நேராக அடுத்த வானொலிக்குள் கொண்டுபோய்விடலாம். அந்த வசதி அணைந்திருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

2019 ஜனவரி 17

பொங்கல் விடுமுறையில் சேர்ந்த கேள்விகள்.

ஒரு டிஷ்ஷில் இரண்டு செட்டாப் பெட்டி வைக்க ஸ்பிளிட்டர் ஏன் சரிவரவில்லை என்று ஒருவர் கேட்கிறார். டிஷ்ஷின் முகப்பில் இருக்கும் எல்.என்.பி.க்குப் பெட்டிதான் கட்டளை அனுப்புகிறது: 13 வோல்ட் என்றால் செங்குத்து அலை, 18 வோல்ட் என்றால் கிடைமட்ட அலை. ஒரு பெட்டி 13-உம் மற்றது 18-உம் கேட்டால் எல்.என்.பி. ஒன்றுக்குத்தான் கீழ்ப்படிய முடியும். இரண்டு வெளியீடுகள் கொண்ட எல்.என்.பி.யை மாற்றுவதுதான் வழி.

விமானங்களின் 1090 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞைக்கும், 118 முதல் 137 வரையுள்ள விமானிகளின் பேச்சுக்கும் ஒரே ஆண்டெனா வைத்திருப்பவருக்கு: டிசம்பர் 9-இல் நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. குறிப்பாக 1090 மெகாஹெர்ட்ஸில் வெளி இரைச்சல் மிகக் குறைவு, இழந்த ஒவ்வொரு டெசிபலும் உண்மையாகவே இழந்ததுதான். உங்களுக்கு ஸ்பிளிட்டரே வேண்டாம். இரண்டு அலைவரிசைகளும் வெகு தூரத்தில் இருப்பதால் டைப்ளெக்சர் வைத்தால் போதும். அது பகிர்வதில்லை, அலைவரிசை பார்த்துப் பிரிக்கிறது. நட்டம் ஒரு டெசிபலுக்குள் முடிந்துவிடும். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளை, நட்டம் குறைந்த ஆர்.ஜி.6-ஆக மாற்றுங்கள். 1090-இல், பத்து மீட்டரில், ஸ்பிளிட்டர் விழுங்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட அது மிச்சப்படுத்தும். பெருக்கி வைப்பதானால் ஆண்டெனாவின் அடியிலேயே, கேபிளுக்கும் முன்னால் வையுங்கள்.

இதை நீலகிரியில் முத்தோரையில் இருக்கும் உதகை வானொலித் தொலைநோக்கியில் பெரிய அளவில் காணலாம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலமான அந்த உருளைப் பரவளையத்தின் குவியத்தில் 1056 இருமுனை ஆண்டெனாக்கள் 326.5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அங்கே நடப்பது நம் வேலையின் தலைகீழ்: பல ஆண்டெனாக்கள் ஒன்றாகச் சேர்கின்றன. ஸ்பிளிட்டரைத் திருப்பிப் போட்டால் சேர்ப்பான், உள்ளே இருப்பது அதே சுற்றுதான். சேர்க்கும் வழியில் சமிக்ஞை தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வோர் இருமுனைக்கும் பின்னாலேயே குறைந்த இரைச்சல் பெருக்கி இருக்கிறது.

2019 பிப்ரவரி 3

கோவில்பட்டியிலிருந்து நேற்று விவரமான கடிதம் வந்தது. மாடியிலிருந்து கேபிள் இறங்குகிறது, அதன் முனையில் 6 டெசிபல் தணிப்பான், பிறகு நால்வழி ஸ்பிளிட்டர். முதல் வழியில் டெக்சன், இரண்டாவதில் அப்பாவின் பெட்டி, மூன்றாவதில் பிளாஸ்டிக் டப்பி டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எஸ்.டி.ஆர். சார்ஜர் சுவரில் இருக்கும்போதும் “கர்ர்” இல்லை. அப்பாவின் பெட்டியை 9385-இல் வைத்து டெக்சனை 9840-இல் கேட்டிருக்கிறார். நிலையம் நடுவில் ஓய்ந்து மௌனமான இரண்டு நொடிகளில் மட்டும் மெல்லிய விசில் தெரிந்ததாம், பேச்சு தொடங்கியதும் மறைந்துவிட்டதாம். மத்திய அலையை மட்டும் அவர் டெக்சனுக்குள்ளேயே இருக்கும் ஆண்டெனாவில் கேட்டுக்கொள்கிறார்.

நான்காவது வழி திறந்தபடி கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அதில் 75 ஓம் ரெசிஸ்டர் வைத்த எஃப் கனெக்டர் மூடி ஒன்றைப் போட்டுவிடுங்கள். கேபிள் கடையில் கேட்டால் டெர்மினேட்டர் என்று கொடுப்பார்கள். அதைப் போட்ட பிறகு அந்த மௌன நொடிகளை மறுபடி ஒருமுறை கேட்டு எழுதுங்கள்.